ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

அந்தமானில் காலில் சிவப்புப் புள்ளி கண்டால் யாரும் பதறுவதில்லை. மணல் ஈ கடித்திருக்கும், கொசு கடித்திருக்கும், மழைக்காலம் என்றால் அட்டை கடித்திருக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் தடவிக்கொண்டேன். கடித்து வந்த புள்ளிக்கும் கடிக்காமல் வந்த புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் பட்ட பாட்டை இன்னொருத்தி பட வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது அறுபதுகள். போர்ட் பிளேரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். மரைன் ஹில் ஏற்றத்தில் குவார்ட்டர்ஸ். இரண்டு பேருக்கும் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை. பிள்ளை இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவருக்கு வாயே கிடையாது. அதனால் குடும்பம் நன்றாகவே ஓடியது.

அந்தத் தீவில் எங்களுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவருடைய அக்கா மிக்கேலம்மா. எனக்கு மதினி. போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட் என்ற கிராமத்தில் காய்கறி போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். மதினி குடும்பம் அங்கே குடியேறி வந்த புதிதில், ரோடுகூடச் சரியாக இல்லாத காலத்தில், அவளுடைய ஒரே மகளைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை போர்ட் பிளேரில் இருந்தது, சிப்பிகாட்டில் இல்லை. கொட்டுகிற மழையில் ஆள் போய் வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து மதினியின் இடுப்பில் ஒரு தகர டப்பி. அதில் எந்நேரமும் கொயினா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீரையும் வெண்டைக்காயுமாக எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பாடு ஆனதும் எனக்கும் தன் தம்பிக்கும் ஆளுக்கு இரண்டு மாத்திரை, தனக்கும் இரண்டு. கசப்புப் போக ஒரு துண்டு கருப்பட்டி. மாத்திரை தொண்டையில் இறங்குகிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ வருஷமாக நாங்கள் பூசைக்குப் போவது போல இதையும் செய்துவந்தோம்.

முதல் புள்ளிகளை ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடக் குழாயடியில் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி, சிவப்பு மைப் பேனாவின் முனையை ஊன்றி ஊன்றி எடுத்தது மாதிரி பொடிப் பொடியாக இருந்தன. தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படவில்லை. அரிக்கவும் இல்லை. மணல் ஈ கடித்தால் ராத்திரியெல்லாம் சொறிந்தே தோல் போய்விடும். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அரே தீதி, பாலூ மக்கி ஹை! நாரியல் தேல் லகாவ்." மணல் ஈதான், தேங்காய் எண்ணெய் போடு என்று அவளுடைய வைத்தியம். போட்டேன். சனிக்கிழமைக்குள் புள்ளிகள் பழுப்பாகி மங்கிவிட்டன. எண்ணெய்க்கு நல்ல பெயர் கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை முழங்கால் வரைக்கும் வந்தது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். "திங்கட்கிழமைன்னா என் கிளாஸ் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், எனக்குப் புள்ளி வருது" என்று வீட்டில் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு ரத்தக்கட்டு. எங்கே இடித்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பெஞ்சு ஓரத்தில் சாய்ந்து நின்றது தவிர வேறு ஞாபகம் வரவில்லை. கன்னத்தின் உட்புறம் கறுப்பு திராட்சை போல ஒரு ரத்தக் கொப்புளம். மாதவிலக்கு வந்தது, நிற்கவே இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், மெட்ராஸ்காரர், சின்ன வயது. என் காலைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மேஜையில் தண்ணீர் குடிக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்தார்.

"டீச்சர், உங்க கையில இருக்கறது நிஜமாவே பூச்சிக்கடி. பாருங்க" என்று தம்ளரின் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்பு மறைந்து தோல் வெளுத்திருந்தது. எடுத்ததும் திரும்பி வந்தது. "இப்போ இதைப் பாருங்க." கால் புள்ளிமேல் அழுத்தினார். ஒரு புள்ளிகூட மறையவில்லை. அப்படியே சிவப்பாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பூச்சி கடித்த இடத்தில் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது, அழுத்தினால் விலகி ஓடுகிறது. இது குழாயைவிட்டுத் தோலுக்கடியில் கசிந்துவிட்ட ரத்தம், அழுத்தினால் ஓடுவதற்கு அதற்கு வழி இல்லை என்று விளக்கினார். நம் ரத்தத்தில் தட்டணு என்று மிகச் சின்னதாக ஒரு சாமான் மிதக்கிறதாம். உடம்புக்குள் எங்கே பொத்தல் விழுந்தாலும் ஓடிப்போய் அடைப்பது அதன் வேலை. அது குறைந்துபோனால் கசிவு நிற்காது. தோலில் கசிந்தால் புள்ளி. "தலைக்குள்ள கசிஞ்சா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாதியில் நிறுத்திய வாக்கியங்களை முடித்து வைப்பதுதானே என் தொழில். அதையும் மனசுக்குள் முடித்துக்கொண்டேன்.

"ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா? தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சார். எனக்கு மாத்திரைன்னாலே ஆகாது" என்றேன், பெருமையாக.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கீழே துறைமுகம் தெரியும். சோதனைகள் தொடங்கின. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்து இறுக்கியபடியே கொஞ்ச நேரம் விட்டார்கள். அவிழ்த்ததும் முழங்கைக்குக் கீழே புதுப் புள்ளிகள் என் கண்ணெதிரே பூத்தன. காது மடலில் ஊசியால் குத்தி, வழிகிற ரத்தத்தை மை உறிஞ்சும் தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். நல்ல உடம்பாயிருந்தால் சொட்டு சிறுத்துச் சிறுத்துச் சீக்கிரம் நின்றுவிடும். என் தாளில் ஒரே அளவில் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளின் நோட்டில் மை கொட்டினால் ஒற்றி எடுக்கும் அதே தாள். அதற்குப் பிறகு வகுப்பில் அந்தத் தாளைத் தொட எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது, முள் குத்தினால் ஆபத்து, மீன் கூடாது என்றார்கள். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்குமா? என் வீட்டுக்காரர் தினமும் பட்டறை விட்டு கிரீஸ் வாசனையோடு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவார். இரும்பைப் பிடித்துக் காய்ந்த விரல்களால் மீனைப் பிட்டுப் பிட்டு, மயிர் முள்ளைக்கூட விடாமல் எடுத்து, தடவிப் பார்த்து, பிறகுதான் ஊட்டுவார். வாய் திறந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அந்த மீனைத் தின்றவளுக்கு அந்த வார்த்தை தேவைப்படவும் இல்லை.

கப்பலில் வந்த ஒரு புது வகை மாத்திரையை டாக்டர் ஆரம்பித்தார். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இருவர் ரத்தம் கொடுத்தார்கள். வாரக் கடைசிக்குள் ஈறில் ரத்தம் நின்றது, புள்ளிகள் மங்கின. "மருந்து கேக்குது டீச்சர்" என்று டாக்டர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன இப்படி வத்திப் போயி கெடக்க? ஆஸ்பத்திரி கொசு பொல்லாத கொசு. இந்தக் கெடையில குளிர்காய்ச்சலும் வந்தா நீ தாங்குவியா? வாயத் தொற."

"ரெண்டா மதினி?"

"ரெண்டுதாம்ட்டி. மிச்சம் வைக்காத."

விழுங்கினேன். கருப்பட்டியை நாக்கில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். அவளுக்குத் திருப்தி. எனக்கும்தான்.

திங்கட்கிழமை காலையில் தலையணை ரத்தமாக இருந்தது. மூக்கு. நர்ஸ் பஞ்சை வைத்து அடைத்தாள், பஞ்சு நனைந்தது. வயிறு, மார்பு, கண் இமை என்று புள்ளிகள் எங்கும் போட்டிருந்தன. டாக்டர் தம்ளரை எடுக்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டினார். வாரக் கடைசியில் மறுபடி தேறினேன். மறுபடி ஞாயிறு. மறுபடி திங்கள், இந்தத் தடவை வாய் நிறைய. துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நான் அழுதது அன்றைக்குத்தான். சாவு என்பது எனக்குத் தெரியாத சொல் இல்லை. ஆனால் அது தினமும் நம் உடம்பிலேயே ஒவ்வொரு புள்ளியாக எழுதிக் காட்டும் என்று நினைத்ததில்லை.

டாக்டர் என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவர் திரும்பி வந்து, அன்றைக்கு மீனே இல்லாத தட்டில் முள் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க."

"ரத்தம் ஊறுத எடத்துலயே கோளாறா இருக்கலாமாம். எலும்புக்குள்ள ஊசி போட்டுப் பாக்கணுமாம். இங்கன முடியாது. மெட்ராஸ்."

"ரத்தப் புத்துநோயா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் கப்பல் நின்றுகொண்டிருந்தது, புதன்கிழமை புறப்படுகிறது. அதைவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் நிச்சயமில்லை. மழைக்காலக் கடல் எப்படி ஆடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெஞ்சில் சாய்ந்ததற்கே ரத்தம் கட்டிய உடம்பு. படுக்கையிலிருந்து ஒரு தடவை உருண்டு தலை மோதினால் மெட்ராஸ் பார்க்க வேண்டிய அவசியமே வராது. போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் டிரங்குப் பெட்டியோடு வந்தார். என்னை வழியனுப்ப மதினியும் சிப்பிகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கப்பலில் தின்ன முறுக்கு, செபமாலை, ஒரு போர்வை. இடுப்பில் டப்பி. டாக்டர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டியதை எல்லாம் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தலை சுற்றுகிறதா, மூச்சு வாங்குகிறதா, கண் மங்குகிறதா.

"காதுல இரைச்சல் கேக்குதா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்கும் சார்."

"அதென்ன ஞாயித்துக்கிழமை?"

"கொயினா போட்டா காது இரையத்தான சார் செய்யும்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போ போட்டீங்க?"

"முந்தா நாள். வாராவாரம் போடுவோமே."

"இங்கயா? இந்த வார்டுல படுத்துக்கிட்டா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு நான் கேட்டேனே டீச்சர்!"

"அது மருந்தா சார்? அது கொயினா."

நான் குறும்புக்குச் சொல்லவில்லை. உப்பு சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எப்படி விழிப்போமோ அப்படித்தான் விழித்தேன். அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அபூர்வமாகச் சில உடம்புகள் வருஷக்கணக்காக ஏற்றுக்கொண்ட கொயினாவையே ஒரு நாள் எதிரியாக நினைத்துவிடுமாம். அதை அடிக்கிற அடியில் தட்டணுக்களும் சேர்ந்து அழிந்துபோகும். கொயினாவின் வேகம் இறங்கினால் தட்டணு திரும்ப ஊறும். ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை வரைக்கும் நான் குணமாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"நான் நினைக்கறது சரின்னா, கொயினாவை நிறுத்தினாப் போதும். கப்பல் வேண்டாம், அந்த ஆட்டம் உங்களுக்கு ஆபத்து. தப்புன்னா..." மறுபடி பாதி வாக்கியம். இந்தத் தடவை அவரே முடித்தார். "தப்புன்னா, அடுத்த கப்பல் வரைக்கும் உங்களை வெச்சுக் காப்பாத்த என்னால முடியாமப் போகலாம். முடிவு உங்களோடது."

"ஏறிருவோம் ரெசினா" என்றார் என் வீட்டுக்காரர். பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

நான் பதில் சொல்வதற்குள் மதினி எழுந்துவிட்டாள். அவளுக்குப் பேச்சு பாதிதான் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். முழுக்கப் புரிந்திருந்தது. டப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு அய்யா, எம் மவ இது கெடைக்காமச் செத்தா. இவ இதத் தின்னா சாவுதா?"

மதினி என்னைப் பார்க்காமல், முறுக்குப் பொட்டலத்தையும் என் கையில் கொடுக்காமல், வார்டைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கூப்பிட்டேன். கூப்பிட்டதில் ஈறு கசிந்தது.

"நான் போகல. இங்கனயே இருக்கேன்" என்றேன்.

தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாத் திங்கட்கிழமைகளும் வரிசையாக என் கண்முன் நின்றன. அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு. நான் கப்பலேறிப் போய்ச் செத்தால், என்ன நோயில் செத்தாலும், தன் கையால் செத்ததாகத்தான் மதினி சாகும்வரை நினைப்பாள். பிழைத்தாக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் கப்பல் ஊதியது. என் வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கப்பல் துறைமுகத்தைவிட்டுத் திரும்பி வெளியே போகிற வரைக்கும் அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாரம் புள்ளிகள் மங்கியது எனக்கு எந்த நம்பிக்கையும் தரவில்லை. எல்லா வாரமும் மங்கத்தானே செய்தது? ஞாயிறு வந்தது. மதினி வரவில்லை. பார்வை நேரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பட்டி இல்லாத ஞாயிறு எனக்கு அதுதான் முதல்.

திங்கட்கிழமை விடிந்ததும் முதலில் தலையணையைத் தடவினேன். காய்ந்திருந்தது. ஈறை நாக்கால் துழாவினேன். போர்வையை விலக்கிக் காலைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. டாக்டர் வந்துதான் விலக்கினார். பழைய புள்ளிகள் பழுப்பும் மஞ்சளுமாகக் கிடந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை. கணுக்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் தேடிவிட்டு, நிமிர்ந்து, "டீச்சர், பாஸ்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "மருந்துன்னு கேட்டேன், கொயினான்னு கேக்கத் தெரியாமப் போச்சு. இனிமே இந்தத் தீவுல எல்லார்கிட்டயும் கேப்பேன்" என்றார்.

தட்டணு ஏறியது, மாதவிலக்கு நின்றது, கட்டிலைவிட்டு இறங்கினேன். ஆயுசுக்கும் கொயினா தொடக் கூடாது, கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். அரிக்காத, தடிக்காத புள்ளி வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். மறையவில்லை என்றால் எண்ணெய்ப் புட்டியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் போட்டது அத்தனையையும், மருந்து என்று நீங்கள் நினைக்காததையும், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறும் மதினி வரவில்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு சிப்பிகாட் பஸ் ஏறினேன்.

வெண்டைப் பாத்தியில் குனிந்து நின்றாள். எங்களைப் பார்த்ததும் நிமிராமலே, "வெயில்ல எதுக்குட்டி வந்த?" என்றாள். இடுப்பில் டப்பி இல்லை. ஆள் பாதியாகியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கருப்பட்டி வரலியே, அதான் நானே வாங்கித் தின்ன வந்தேன்" என்றேன்.

"கசப்பு இல்லாம கருப்பட்டி எதுக்கு?"

"ரெண்டு வாரமா உங்களக் காணாம எனக்கு வாய் கசக்கத்தான் செய்யுது மதினி."

அவள் குடிசைக்குள் போய், எனக்குத் தண்ணீர் மொண்டு வந்தாள். கண்ணாடித் தம்ளர். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நடந்து வந்ததில் கணுக்காலுக்குமேல் சிவப்பாக இரண்டு புள்ளி. அவள் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீரை அப்படியே கீழே ஊற்றிவிட்டு, மண்ணில் மண்டியிட்டு, தம்ளரை என் காலில் வைத்து அழுத்தினாள். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

எடுத்தாள், அழுத்தினாள், எடுத்தாள், அழுத்தினாள்.

"மறையுதுட்டி."

"மணல் ஈ, மதினி. அரிக்குது, கைய எடுங்க, சொறியணும்."

எழுந்து உள்ளே போய்க் கருப்பட்டி எடுத்து வந்தாள். அதைப் பல்லால் இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைத் தானே மென்று விழுங்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தாள். பிறகுதான் மறுபாதியை என் வாயில் வைத்தாள்.